காட்டுவதற்கில்லாத பக்கங்கள்

நன்றாகப் படம் வரைவார் என்று பெயரெடுத்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஆனால் வரைவதற்கென்று ஒரு நோட்டைக் கையோடு வைத்துக்கொண்டு, அது தீர்ந்ததும் அடுத்ததைத் தொடங்கி, அப்படியே வருடங்களை ஓட்டுபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திறமைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பழக்கம்தான் ஏனோ ஒட்டாமல் போகிறது. கடலூரையும் சிதம்பரத்தையும் வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. கோபுரம், அலையாத்திக் காடு, மீன்பிடித் துறைமுகம், பழங்கோட்டை என்று வரைவதற்கு இத்தனை விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் வட்டாரங்கள் குறைவு. ஆனாலும் ஓவியம் படிக்க வேண்டுமென்றால் இங்குள்ளவர்கள் கும்பகோணத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டும். அல்லது பாண்டிச்சேரி எல்லையைத் தாண்டி அரியாங்குப்பத்தில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கூடத்துக்கு. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்துக்கு இசையைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியது. பென்சிலுக்கு அப்படி ஒரு வீடு இங்கே அமையவில்லை. ஆக, இந்த ஊர்களில் வரைபவர் பெரும்பாலும் தனியாகத்தான் வரைகிறார். அந்தத் தனிமைக்கு ஏற்ற கருவி ஸ்கெட்ச் நோட்டு.

வரைவதைப் பற்றி நாம் முதலில் கற்றுக்கொண்டது எங்கே? டிராயிங் மாஸ்டரிடம். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை. அதற்கு மேல் ஆர்வம் இருந்தவர்கள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் அண்ட் மாடல் டிராயிங்’ லோயர், ஹையர் என்று எழுதித் தேறினார்கள். ஓவிய ஆசிரியர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வழிவிட்டது. அது கற்பித்த கோட்டுக் கட்டுப்பாடு சாதாரணமானதல்ல. ஒரு குடத்தின் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் வளைக்கத் தெரிந்த கை எதையும் வளைக்கும். ஆனால் அந்தத் தேர்வுத்தாளில் அழித்த தடம் தெரியக்கூடாது.

இதே பாடத்தை இன்னும் அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்தது விலங்கியல், தாவரவியல் ரெக்கார்டு நோட்டு. கூரான பென்சில், ஒற்றைக் கோடு, நிழல் தீட்டக் கூடாது, பாகங்களின் பெயர் வலப்பக்கம் நேராக. யோசித்துப் பார்த்தால் இது அருமையான பயிற்சி. கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை நிஜமாகவே பார்த்து வரைந்தவருக்கு உலகத்தில் வேறு எதையும் பார்த்து வரைய முடியும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கு படித்தவர்களுக்கு ஒரு கண்ணை நுண்ணோக்கியிலும் கையைத் தாளிலும் வைத்து வரைவது புதிதாக இருந்திருக்காது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்தோம் என்பது நமக்குத் தெரியும். சீனியரின் ரெக்கார்டை வாங்கிவந்து இரவோடிரவாகப் பார்த்துப் போட்டோம். தவளை மேசையில் கிடந்தது, வரைந்தது வேறொரு தவளையை. பார்ப்பதற்கென்று ஏற்பட்ட நோட்டு கையெழுத்து வாங்குவதற்கான நோட்டாக மாறிப்போனது. ஸ்கெட்ச் நோட்டு வாங்கி மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடுபவர்களின் கதையும் இதேதான் என்று நினைக்கிறேன். பக்கத்தைத் திறந்ததும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போடக் காத்திருப்பதாக அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

யாரும் கையெழுத்துப் போடாத ஒரு நோட்டும் நம் வீடுகளில் இருந்தது. கோல நோட்டு. இதை ஓவியம் என்ற கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, வைத்திருந்தவர்களே சேர்த்ததில்லை. பழைய டைரியிலோ கணக்கு நோட்டிலோ, பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ கோலம். மூலையில் ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்று குறிப்பு. எதிர்வீட்டுப் பெண்ணிடம் பார்த்தது, கல்யாண வீட்டில் பார்த்தது, வாரப் பத்திரிகையின் மார்கழி இணைப்பிலிருந்து எடுத்தது என்று எல்லாம் கலந்து கிடக்கும். சிக்குக் கோலம் உள்ள பக்கங்களைக் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். கம்பி எங்கோ ஒரு புள்ளியைச் சுற்றாமல் விட்டுவிட்டது, அல்லது தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. அதை யாரும் அழிப்பதில்லை. பக்கத்திலேயே இன்னொரு முறை புள்ளி வைத்து, இந்தமுறை வலப்பக்கமாகத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். மூன்றாவது முயற்சியில் கம்பி மூடியிருக்கும். அதற்குக் கீழே அதே கோலத்தில் நான்கு புள்ளி கூட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று ஒரு பரிசோதனை.

இந்தப் பக்கங்கள் எதுவும் காட்டுவதற்காகப் போட்டவையல்ல, மறுநாள் காலை வாசலுக்கான ஒத்திகை. வாசலில் போட்டதும் மதியத்துக்குள் கால் பட்டும் சைக்கிள் ஏறியும் கலைந்துவிடும். மார்கழியில், ஆருத்ரா தரிசனத் தேருக்கு முன், சிதம்பரத்தின் தேர் வீதிகளில் நடந்தவர்களுக்கு அந்த ஒத்திகையின் பலன் தெரியும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் கோலத்தைக் கணித இலக்கணமாக ஆராய்ந்தார்கள். ஒரு சிறு விதியைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் எத்தனை வடிவம் பிறக்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி. விஜயா நாகராஜன் 2018இல் கோலத்தைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். கணிதமும் மானுடவியலும் எடுத்துக்கொண்ட அளவுக்கு ஓவிய வகுப்பு இதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம். ஸ்கெட்ச் நோட்டுப் பழக்கத்துக்கு வேண்டிய குணங்களில் பாதி அந்தப் பழைய டைரியில் இருக்கிறது: அழிக்காமல் பக்கத்தில் மறுபடி போடுவது, ஒன்றையே மாற்றி மாற்றிப் பார்ப்பது, யார் பார்ப்பார்கள் என்று கவலைப்படாமலிருப்பது. இல்லாத பாதி, எதிரில் இருப்பதைப் பார்த்து வரைவது.

அந்தப் பாதிக்குத் தமிழில் முன்னோடிகள் பத்திரிகை ஓவியர்கள். சில்பி என்ற பி.எம். சீனிவாசன் (1919–1983) ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய், சன்னிதியில் நேரில் உட்கார்ந்து, சிற்பத்தையும் மூர்த்தியையும் வரைந்து ‘தென்னாட்டுச் செல்வங்க’ளைக் கொடுத்தார். ‘பொன்னியின் செல்வ’னுக்காக மணியம் கல்கியோடு இலங்கை வரை போய்ப் பார்த்து வந்தார். அந்த நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரி நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம்தான். ஏரிக்கரையில் இன்று பஸ்ஸை விட்டு இறங்குபவரும் மணியத்தின் குதிரை வீரனைத்தான் மனதில் பார்க்கிறார். இவர்கள் எல்லோருடைய கோடும் அச்சுக்குப் போன கோடு. வாரக்கெடு, ஆசிரியர், வாசகர் என்று எல்லாம் முன்னால் நின்றது. வழியில் கிறுக்கிய காகிதங்கள் எங்கே போயின என்று நாம் கேட்டதில்லை.

கோடு தன் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது சென்னை ஓவியக் கல்லூரியில், கே.சி.எஸ். பணிக்கரின் காலத்தில் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவான தலைமுறை அது. தமிழ் வாசகருக்கு நெருக்கமான பெயர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). காந்தி நூற்றாண்டையொட்டி 1969 வாக்கில் அவர் வரைந்த கறுப்பு-வெள்ளைக் காந்திகளில் சிலவற்றில் முகமே சரியாக இருக்காது. முதுகும் துண்டும் கைத்தடியும் நடையும் மட்டும் இருக்கும். ஆனால் யார் என்று கேட்க வேண்டியிருக்காது. சிற்றிதழ் அட்டைகளின் வழியாக அந்தக் கோடு ஓவியக் கூடத்துக்கே போகாதவர்கள் வீட்டுக்கும் வந்தது. எழுபதுகளில் இதே சிந்தனை உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1976இல் கோட்டோவியத்துக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி வைத்து, வரைதல் என்பது ஓவியத்துக்கான முன்வேலை மட்டுமில்லை என்பதை நிலைநாட்டியது. பரோடாவில் கற்பித்த நஸ்ரீன் மொகமதி (1937–1990) தன் டைரிப் பக்கங்களிலேயே வரிகளை மறைத்தும் கட்டங்களைக் கறுப்பாக்கியும் வேலை செய்தார். எழுதிய நாட்குறிப்பு எது, வரைந்தது எது என்று பிரிக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் பின்னாளில் கரியால் வரைந்து, அழித்து, அதன்மேலேயே வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் படம்பிடித்து அசையவிட்டார். நம் டிராயிங் தேர்வு மறைக்கச் சொன்ன அழித்த தடம் அவரிடம் கதையாகவே மாறிவிட்டது.

தற்கால வரைகலையிலிருந்து கடலூர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இவர்களின் பாணியை அல்ல. நஸ்ரீன் போல மெல்லிய கோடு இழுப்பது ஒரு வாரத்தில் சலித்துவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது அனுமதியை. பக்கம் முடிவடையாமல் நிற்கலாம், எழுத்தும் படமும் கலக்கலாம், பஸ் டிக்கெட்டை ஒட்டலாம், தவறான கோட்டை அப்படியே விட்டுவிட்டுச் சரியானதை மேலே போடலாம். இந்த ஒன்று கிடைத்துவிட்டால் நோட்டு நிரம்பத் தொடங்கும். மற்றதை இடம் சொல்லிக்கொடுக்கும்.

சிதம்பரம் கோபுர வாசல்களில் நுழையும்போது இரண்டு பக்கச் சுவரிலும் கீழிருந்து மேலாக அடுக்கி வைத்த கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள். சில கோபுரங்களில் சிற்பத்தோடு சுலோகமும் கிரந்தத்தில் பொறித்திருக்கும். பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றது இதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். வரைபவருக்கு இங்கே கிடைப்பது உலகத்தில் எந்த ஓவியப் பள்ளியிலும் கிடைக்காத மாடல். ஆடிக்கொண்டிருக்கிறாள், ஆனால் நகரமாட்டாள், களைக்கவும் மாட்டாள். முதல் கரணமான தலபுஷ்பபுடத்தை எடுத்துக்கொள்வோம். இரு கைகளையும் குவித்து இடப்பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பூ ஏந்துகிறாள். பார்த்ததும் கை குவிப்பைத்தான் வரையத் தோன்றும், விரலில் ஆரம்பிப்போம். அப்படி ஆரம்பித்தால் உடம்பு மரக்கட்டையாக நின்றுவிடும். கிமோன் நிக்கோலைடிஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியரின் வரைதல் பயிற்சிப் புத்தகம் அவர் இறந்த பிறகு 1941இல் வந்தது. அவர் வழியைப் பின்பற்றினால் முதலில் உருவத்தையே விட்டுவிட வேண்டும். தலை உச்சியிலிருந்து எடையைத் தாங்கும் பாதம் வரை ஒரே கோடு, அரை நிமிடத்துக்குள். பிறகு இடுப்பு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று ஒரு குறுக்குக் கோடு. தோள் அதற்கு எதிர்ச்சாய்வு. அவ்வளவுதான், அடுத்த சிற்பத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு பக்கத்தில் எட்டுப் பத்து ஏறிய பிறகு, கல்தச்சன் எந்த எலும்பை வளைத்து, எதை வளைக்காமல் ஏமாற்றியிருக்கிறான் என்று தெரியவரும். தஞ்சைப் பெரிய கோயிலில் இதே கரண வரிசையை 81 வரை செதுக்கிவிட்டு மிச்சம் 27 கல்லை அப்படியே விட்டிருக்கிறார்கள். நோட்டில் பாதியில் நிற்கும் பக்கத்தைப் பார்த்து வெட்கப்படுபவர்கள் ஒருமுறை அதை நினைத்துப் பார்க்கலாம்.

(நடராஜ் பென்சிலால் நடராஜர் கோயிலை வரைகிறோமே என்று சிரித்துக்கொள்ளாமல் இங்கே யாரும் பென்சில் சீவியிருக்க முடியாது.)

சிவகாமியம்மன் சன்னிதி முன்மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள். பிட்சாடனர் கதையும் மாணிக்கவாசகர் கதையும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. ஒரே ஆள் அடுத்தடுத்த கட்டத்தில் திரும்பத் திரும்ப வருவான். ஒரு நிகழ்ச்சியை ஒரே படத்தில் அடக்க வேண்டியதில்லை, வரிசையாக விரிக்கலாம் என்ற யோசனைக்கு இதைவிட அருகில் பாடம் கிடையாது. கழுத்துதான் வலிக்கும்.

பிச்சாவரத்து அலையாத்திக் காடு வேறு மாதிரி சோதனை. தில்லை மரம் சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்தது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படகுக்காரர்கள் எச்சரிப்பார்கள். ஆனால் வரைபவரைத் திணறடிப்பது சுரபுன்னையின் முட்டுவேர்கள். தண்டிலிருந்து வில்லாக வளைந்து, கிளைத்து, மறுபடி கிளைத்துத் தண்ணீரில் இறங்கும், தண்ணீரில் அதன் பிம்பம் வேறு. எந்த வேர் எந்த மரத்துடையது என்று கண் தொலைந்துபோகும். வேரை வரைய முயன்றால் நூல்கண்டு சிக்கியதுபோல் ஒரு பக்கம்தான் மிஞ்சும். வேருக்கும் வேருக்கும் நடுவில் உள்ள ஓட்டைகளை வரைய வேண்டும். முக்கோணம், அரைவட்டம், நீள்முட்டை என்று ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. ஓட்டைகளை மட்டும் கறுப்பாக நிரப்பிக்கொண்டே போனால், வரையாத வேர் தானாக வெள்ளையாக எழுந்து நிற்கும். புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இது சட்டென்று வந்துவிடுகிறது. கோட்டையும் அது சுற்றும் வெற்றிடத்தையும் ஒன்றாகப் பார்த்துப் பழகிய கண் அது.

கடலூர் துறைமுகத்துக்கு, அதாவது ஓல்டு டவுனுக்கு, இந்த நிதானத்தோடு போனால் ஒன்றும் கிடைக்காது. விடியற்காலை ஏலத்தில் எதுவும் நிற்பதில்லை. கூடையைத் தூக்கியவர் நீங்கள் தோளை வரைவதற்குள் ஐஸ் வண்டிக்குப் போய்விட்டிருப்பார். ஒரே ஆளைத் துரத்தாமல் ஒரே செயலைத் துரத்துவதுதான் இங்கே வழி. குனிந்து கூடை எடுப்பது என்றால், ஒருவர் குனிந்ததை வரைந்து, இன்னொருவர் நிமிர்ந்ததை அதில் சேர்த்து, மூன்றாமவரின் கையை ஒட்டவைத்து ஓர் ஆளை உண்டாக்கலாம். மீதியை டீக்கடையில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து போடலாம். சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் வெற்று அட்டைகளை எப்போதும் கையோடு வைத்திருந்து, கண்ணில் பட்டதை உடனே பதிந்துகொண்டே இருந்தார். பெரிய நோட்டைவிட உள்ளங்கை அளவு அட்டை இங்கே உதவும். தேவனாம்பட்டினம் பக்கம் போனால் நிதானம் திரும்பக் கிடைக்கும். 1690இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த புனித டேவிட் கோட்டையின் மிச்சமும் கெடிலத்தின் முகத்துவாரமும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே கடற்காற்று வரைபவரோடு சேர்ந்து வேலை செய்கிறது. சாதாரண நோட்டின் மெல்லிய தாள் காலையிலேயே ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். ஜெல் பேனா ஊறும், ஈரக்கை பட்டால் கரையும். பால்பாயின்ட் பேனா ஊறாது, கரையாது, அழிக்கவும் முடியாது. அழிக்க முடியாது என்பதற்காகவே தொடக்கத்தில் அதைச் சிபாரிசு செய்வேன். நீர்வண்ணம் வேண்டுமென்றால் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத தாள் வேண்டும், அதுவும் மழைக்காலத்தில் காயச் சோம்பும். பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடம் பக்கத்தில்தான். ஆனால் ஆரம்பத்திலேயே அழகான கைத்தாள் நோட்டு வாங்குபவர்கள் அதில் எழுதவும் துணியாமல் பத்திரப்படுத்திவிடுகிறார்கள். மலிவான நோட்டு மனதுக்கு நல்லது. பக்கம் பறக்காமலிருக்க இரண்டு கிளிப் போதும்.

இன்றைக்கு இந்தப் பழக்கத்தை ஊக்குவிக்கும் பெரிய சக்தி கைப்பேசி. சியாட்டிலில் செய்தியாளராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ சென்னை வரை கிளை விட்டிருக்கிறது. நேரில் பார்த்து வரைய வேண்டும், இடத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஜேக் பார்க்கர் 2009இல் தொடங்கிய ‘இங்டோபர்’ அக்டோபர் முழுக்க நாளுக்கொரு மைப்படம் போடச் சொல்கிறது. துணையில்லாத ஊர்க்காரருக்கு இவை இரண்டும் துணை. எனக்கிருக்கும் தயக்கம் ஒன்றுதான். வரைந்த ஐந்தாவது நிமிடத்தில் படமெடுத்துப் போடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்ட அதே ஆள் இதயக்குறியோடு திரும்பி வந்துவிடுகிறார். கோபுரம் லைக் வாங்கும், வேர்களின் ஓட்டை வாங்காது. அடுத்த வாரமும் கோபுரமே வரைவோம். ஒரு நோட்டு முழுதாக நிரம்பும்வரை யாருக்கும் காட்டுவதில்லை என்று வைத்துக்கொள்வது கொஞ்சம் கடுமையான விதி. நான் பார்த்தவரையில் பலன் தருவது அதுதான்.

தனிமை எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விடியலில் துறைமுகத்தில் ஓர் ஆண் நோட்டோடு உட்கார்ந்தால் ‘ஆர்ட்டிஸ்டா சார்?’ என்று டீ வாங்கித் தருகிறார்கள். ஒரு பெண் உட்கார்ந்தால் கேள்வி வேறு. பார்வையையும் கருத்தையும் சமாளிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். இரண்டு பேராகப் போவது இதற்கு நடைமுறைத் தீர்வு. கடலூர்-சிதம்பரம் பஸ்ஸின் ஜன்னல் சீட்டு இன்னொன்று. ஆடும் பஸ்ஸில் கோடு கோணும், கோணட்டும். வீட்டு மொட்டைமாடியும் குறைந்த இடமில்லை. மதுரை மனோகர் தேவதாஸ் (1936–2022) பார்வை வருடாவருடம் குறுகிக்கொண்டு வந்த காலத்திலும் தான் வளர்ந்த ஊரை நுணுக்கமான மைக்கோடுகளில் வரைந்துகொண்டிருந்தார். அவர் வரைந்ததில் ஒரு பகுதி ஞாபகத்தில் இருந்த மதுரை. கோயிலுக்குள் உட்காருவதென்றால் கேட்டுக்கொண்டு உட்காருவது மரியாதை. கேமராவைத் தடுப்பவர்கள் பென்சிலைப் பெரும்பாலும் தடுப்பதில்லை, எட்டிப் பார்த்துத் திருத்தம்தான் சொல்வார்கள்.

மீன் விற்கும் அக்காக்கள் திருத்தம் சொல்வதோடு நிறுத்துவதில்லை. ‘என்னையத்தானே வரைஞ்ச, அதைக் கிழிச்சுக் குடு’ என்பார்கள். நியாயமான கோரிக்கை. அவர்கள் முகம், அவர்கள் இடம். கிழித்தால் நோட்டின் தையல் தளர்ந்து எதிர்ப் பக்கமும் உதிரும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்து அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ‘மூக்கு இப்பிடியா இருக்கு?’ என்ற விமர்சனத்தோடு வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு கூடைக்குப் பக்கத்தில் உட்கார இடமும் கிடைக்கும்.